கடைசி நான்கு எழுத்தை நம்பலாமா?

கணினி நிரல் எழுதக் கற்றுக்கொள்ளும் எவருக்கும் முதல் மாதத்திலேயே ஒரு சின்னப் பயிற்சி வரும். ஒரு சொல்லைக் கொடுத்து, அது இன்ன எழுத்துகளில் முடிகிறதா என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். 'மாணவர்கள்' என்பது 'கள்' என்று முடிகிறதா? ஆம். 'மாணவர்' அப்படி முடிகிறதா? இல்லை. அவ்வளவுதான். பாடப்புத்தகம் 'சரம்' என்றும் வகுப்பறை 'ஸ்ட்ரிங்' என்றும் அழைக்கும் எழுத்துத் தொடரின் வாலைப் பிடித்துப் பார்க்கும் வேலை. பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு எல்லோரும் அடுத்த பயிற்சிக்குப் போய்விடுகிறார்கள்.

ஆனால் இந்தப் பத்து நிமிட வேலையை நம்பித்தான் பெரிய பெரிய முடிவுகள் எடுக்கப்படுகின்றன. விண்ணப்பதாரர் ஏற்றிய கோப்பு படமா, வைரஸா? வந்த மின்னஞ்சல் அலுவலகத்திலிருந்து வந்ததா, வெளியிலிருந்து வந்ததா? திறந்திருக்கும் தளம் வங்கியுடையதா, திருடனுடையதா? இந்தக் கேள்விகளில் பலவற்றுக்கு நிரல்கள் பதில் சொல்வது பெயரின் கடைசி நான்கைந்து எழுத்துகளைப் பார்த்துத்தான். இப்போது அந்த வேலை நிரல்களோடு நிற்கவில்லை. வங்கிக் கணக்கு வைத்திருக்கும் சாதாரண மனிதர்களின் கண்ணுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வாலைப் பார்ப்பது தப்பில்லை. வால் எங்கே தொடங்குகிறது, அந்த வாலை ஒட்டவைத்தது யார் என்ற இரண்டையும் கேட்காமல் பார்ப்பதுதான் தப்பு.

இருபது வருடம் காத்திருந்த ஒரு வரி

இத்தனை சாதாரணமான சோதனை எல்லாக் கணினி மொழிகளிலும் ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. 1996இல் வெளிவந்த ஜாவாவின் முதல் பதிப்பிலேயே 'எண்ட்ஸ்வித்' என்ற செயல்கூறு இருந்தது. பைத்தானிலும் வெகுகாலமாக இருக்கிறது. ஆனால் 1995இல் பிறந்த ஜாவாஸ்கிரிப்டின் தரத்தில் அது சேர்ந்தது 2015இல்தான். பிஹெச்பி மொழிக்கும் சி பிளஸ் பிளஸ் மொழிக்கும் 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இடைப்பட்ட காலத்தில் என்ன செய்தார்கள்? ஆளாளுக்குச் சொந்தமாக எழுதிக்கொண்டார்கள். அங்கேதான் வேடிக்கை ஆரம்பம்.

ஜாவாஸ்கிரிப்டில் பலரும் எழுதிய முறை இது. ஒரு சரத்துக்குள் குறிப்பிட்ட வால் கடைசியாக எந்த இடத்தில் வருகிறது என்று கேட்க வேண்டும். சரத்தின் மொத்த நீளத்திலிருந்து வாலின் நீளத்தைக் கழிக்க வேண்டும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால், சரம் அந்த வாலில் முடிகிறது என்று பொருள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது வாலுக்கு நான்கு எழுத்து, சரத்துக்கு மூன்றே எழுத்து என்று வைத்துக்கொள்ளலாம். வால் உள்ளே எங்குமே இல்லை. 'இல்லை' என்பதைச் சொல்ல அந்த மொழி கொடுக்கும் எண் -1. மூன்றிலிருந்து நான்கைக் கழித்தாலும் -1. இரண்டும் சமம்! ஆகவே 'ஆம், முடிகிறது' என்று நிரல் அடித்துச் சொல்லிவிடும்.

பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒரு பக்கம் நூறு ரூபாய் தப்பு, இன்னொரு பக்கமும் அதே நூறு ரூபாய் தப்பு, ஆனால் இருப்பாய்வு மட்டும் கச்சிதமாக டேலி ஆகும். ஈடுசெய்யும் பிழை என்று அதற்குப் பெயர். டேலி ஆனதாலேயே கணக்கு சரி என்று ஆகிவிடாது என்பது அங்கே முதல் பாடம்.

சி மொழியில் சொந்தமாக எழுதியவர்களின் நிலை இன்னும் மோசம். மூன்றெழுத்துச் சரத்தின் கடைசி நான்கு எழுத்தைப் பார்க்கப் போனால், சரத்தின் தொடக்கத்துக்கும் ஓரிடம் முன்னால் போய் நினைவகத்தில் வேறு எதையோ படிக்கும். என்ன நடக்கும் என்று மொழியே உத்தரவாதம் தருவதில்லை.

வாலை வெட்டுவதிலும் இதே கதைதான். பைத்தானில் வலப்பக்கம் சுத்தம் செய்ய ஒரு செயல்கூறு உண்டு. அதற்குக் கொடுப்பதை அது ஒரு வாலாகப் பார்ப்பதில்லை, தனித்தனி எழுத்துகளின் கூட்டமாகவே பார்க்கிறது. 'ஹேப்பி' என்ற ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லில் ஹெச், ஏ, பி, பி, ஒய் இருக்கின்றன. அந்தப் பெயரில் ஒரு பைத்தான் கோப்பு இருந்தால் கடைசியில் புள்ளி, பி, ஒய் சேரும். இந்த மூன்றையும் நீக்கு என்று அந்தச் செயல்கூறிடம் சொன்னால், வலமிருந்து பியும் ஒய்யும் புள்ளியும் வந்துகொண்டே இருக்கும்வரை அது தின்றுகொண்டே போகும். கடைசியில் மிஞ்சுவது ஹெச், ஏ. அதாவது வெறும் 'ஹா'! பலரும் இந்தக் குழியில் விழுந்த பிறகு, வாலை வாலாகவே வெட்டும் தனிச் செயல்கூறு 2020இல் பைத்தான் 3.9 பதிப்பில் வந்தது.

இன்னொரு சின்ன விஷயம். எந்தச் சரமும் 'வெற்றுச் சரத்தில்' முடிகிறது என்பது ஜாவாவுக்கும் பைத்தானுக்கும் உண்மை. கணித நோக்கில் அது சரியும்கூட. ஆனால் அனுமதிக்கப்பட்ட வால்களின் பட்டியலில் கவனக்குறைவாக ஒரு காலி வரி விழுந்துவிட்டால்? உலகத்தில் உள்ள எல்லாப் பெயரும் அந்தச் சோதனையில் தேர்ச்சி பெற்றுவிடும். வாசலில் காவலாளி நிற்பார், ஆனால் கேட் திறந்தே கிடக்கும்.

'மட்டும்' என்ற சொல்லின் மதிப்பு

காசோலையில் தொகையை எழுத்தால் எழுதும்போது 'ஐந்நூறு மட்டும்' என்று முடிக்கச் சொல்வார்கள். சிலர் அதற்குப் பின் ஒரு கோடும் இழுத்துவிடுவார்கள். யாரும் பின்னால் எதையும் ஒட்டவைத்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். தொகை இங்கே முடிகிறது என்று வங்கியும் வாடிக்கையாளரும் ஒரே மாதிரி புரிந்துகொள்வதற்கான அடையாளம் அது.

சி மொழியில் இந்த 'மட்டும்' என்பது ஒரு பூஜ்ஜியம். சரத்தின் கடைசியில் மதிப்பு பூஜ்ஜியமாக உள்ள ஒரு பைட் இருக்கும். அதைக் கண்டதும் சரம் முடிந்தது என்று சி எடுத்துக்கொள்கிறது. ஜாவா, பிஹெச்பி போன்ற மொழிகள் அப்படிச் செய்வதில்லை. அவை நீளத்தைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்கின்றன. பூஜ்ஜியம் நடுவில் வந்தாலும் அவற்றுக்கு அது இன்னொரு எழுத்துதான்.

இரண்டு பேர் ஒரே காசோலையைப் படித்து, ஒருவர் 'மட்டும்' என்ற இடத்தில் நிறுத்த, மற்றவர் அதைத் தாண்டிப் படித்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? அதுதான் இணையத்தில் நடந்தது. ஒரு தளம் படக்கோப்புகளை மட்டும் ஏற்கிறது, பெயர் 'புள்ளி ஜேபிஜி' என்று முடிகிறதா என்று பார்க்கிறது. தாக்குபவர் பெயரை இப்படி அமைப்பார்: முதலில் பிஹெச்பி நிரலுக்கான பெயர், நடுவில் ஒரு பூஜ்ஜியம், கடைசியில் 'புள்ளி ஜேபிஜி'. பிஹெச்பி முழுப் பெயரையும் படித்து, படம்தான் என்று விட்டுவிடும். அடியில் சி மொழியில் எழுதப்பட்ட பகுதி பூஜ்ஜியத்தோடு நிறுத்திக்கொண்டு, அதை நிரல் கோப்பாகச் சேமித்துவிடும். பூஜ்ஜியம் கலந்த கோப்புப் பாதைகளை அடியோடு நிராகரிக்கும் திருத்தம் 2010இல் பிஹெச்பி 5.3.4 பதிப்பில்தான் வந்தது.

இதைவிடப் பெரிய அதிர்ச்சி 2009இல். லாஸ் வேகஸில் நடந்த பிளாக் ஹேட் மாநாட்டில் மாக்ஸி மார்லின்ஸ்பைக், டேன் காமின்ஸ்கி இருவரும் தனித்தனியே இதே ஓட்டையை வேறொரு இடத்தில் காட்டினார்கள். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழில்! சான்றிதழ் கேட்பவர், ஒரு பிரபல நிறுவனத்தின் தளப்பெயரை முதலில் எழுதி, நடுவில் பூஜ்ஜியம் வைத்து, தன் சொந்தத் தளப்பெயரைக் கடைசியில் ஒட்டுவார். சான்றிதழ் வழங்குபவர் வாலைப் பார்த்து, 'இந்தத் தளம் இவருடையதுதான்' என்று உறுதிசெய்து கொடுத்துவிடுவார். உலாவியோ பூஜ்ஜியத்தோடு நிறுத்தி, 'இது அந்தப் பிரபல நிறுவனம்' என்று பூட்டுப் படம் காட்டும். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பேரும் தங்கள் விதிப்படி சரியாகவே படித்தார்கள். முடிவு எங்கே என்பதில் மட்டும் ஒத்துப்போகவில்லை. பின்னர் உலாவிகள் திருத்தப்பட்டன.

விண்டோஸிலும் இதற்கு ஒரு தம்பி உண்டு. கோப்புப் பெயரின் கடைசியில் வெறும் புள்ளியோ இடைவெளியோ இருந்தால் விண்டோஸ் வழக்கமாக அதைச் சத்தமில்லாமல் நீக்கிவிடும். 'புள்ளி பிஹெச்பி என்று முடிந்தால் தடுத்துவிடு' என்று எழுதிய நிரலிடம், கடைசியில் ஒரு புள்ளியைக் கூடுதலாக வைத்துக் கொடுத்தால் தடை வேலை செய்யாது. சேமிக்கும்போது அந்தப் புள்ளி விழுந்துவிடும். தடுக்க நினைத்த அதே பெயர் உள்ளே உட்கார்ந்திருக்கும்.

காதல் கடிதத்தின் வால்

2000ஆம் ஆண்டு மே 4. பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய ஒரு மின்னஞ்சல் ஒரே நாளில் உலகத்தைச் சுற்றி வந்தது. தலைப்பு 'ஐ லவ் யூ'. இணைப்பாக ஒரு காதல் கடிதம். அந்தக் கோப்பின் பெயரில் இரண்டு வால்கள் இருந்தன. முதலில் 'புள்ளி டிஎக்ஸ்டி', அதற்குப் பின் 'புள்ளி விபிஎஸ்'. டிஎக்ஸ்டி என்றால் வெறும் எழுத்து, ஆபத்தில்லை. விபிஎஸ் என்றால் இயங்கும் நிரல். எது உண்மை? கடைசியில் உள்ளதுதான்.

ஆனால் தனக்குத் தெரிந்த வகைப்பெயர்களை மறைத்துவிடுவது விண்டோஸின் வழக்கம். அதனால் பலருக்குக் கண்ணில் பட்டது 'புள்ளி டிஎக்ஸ்டி' வரைதான். திறந்தார்கள். அது அவர்களின் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது, கணினியில் இருந்த படக்கோப்புகளையும் அழித்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றமே மின்னஞ்சலை நிறுத்திவைக்க வேண்டி வந்தது. இத்தனைக்குப் பிறகும், தெரிந்த வகைப்பெயர்களை மறைப்பதுதான் இன்றும் விண்டோஸின் ஆரம்ப அமைப்பு. வால்தான் முக்கியம் என்று கணினி நினைக்கிறது, அதே வாலை மனிதரின் கண்ணிலிருந்து மறைத்தும் வைக்கிறது. இதைவிட விநோதமான ஏற்பாடு உண்டா?

பின்னர் இன்னொரு தந்திரமும் வந்தது. அரபி, ஹீப்ரு போன்ற மொழிகள் வலமிருந்து இடமாக எழுதப்படுபவை. அவற்றுக்காக யூனிகோடில் எழுத்தின் திசையைத் திருப்பும் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று உண்டு. அதைக் கோப்புப் பெயரின் நடுவில் செருகிவிட்டால், 'புள்ளி இஎக்ஸ்இ' என்று முடியும் பெயர் திரையில் 'புள்ளி ஜேபிஜி' என்று முடிவதாகத் தெரியும்படி செய்யலாம். கணினிக்கு ஒரு வால், கண்ணுக்கு இன்னொரு வால்.

கோப்பின் வால் என்பது அதற்குப் பெயர் வைத்தவர் சொன்ன வார்த்தை. சாட்சி இல்லை. பாட்டிலில் ஒட்டிய லேபிளைப் பார்த்து உள்ளே இருப்பது தேன் என்று சொல்வது போலத்தான். உண்மையான பிடிஎஃப் கோப்பு ஒரு சதவீதக் குறியோடும் பி, டி, எஃப் என்ற மூன்று எழுத்துகளோடும் தொடங்கும். படக்கோப்புகளுக்கும் இதுபோலத் தனித்தனித் தொடக்க அடையாளங்கள் உண்டு. அந்த அடையாளத்தையும் போலியாக வைக்க முடியும் என்பதால் அதுவும் முழு உத்தரவாதம் இல்லை. ஆகவே ஏற்றப்பட்ட கோப்பை எந்தச் சூழ்நிலையிலும் நிரலாக ஓட விடாத இடத்தில் வைப்பதுதான் கடைசிக் காவல். வால் சோதனை வாசற்படி மட்டுமே.

ஒரு புள்ளிக்குள் ஒரு சேமிப்பு

கோப்புக்கு வால் வெறும் லேபிள் என்றால், இணைய முகவரியில் கதை தலைகீழ். அங்கே அதிகாரம் வலப்பக்கம் இருக்கிறது. 'டாட் இன்' என்ற பெயரின் கீழ் யாருக்கு எதைக் கொடுப்பது என்பதை அந்தப் பதிவகம் தீர்மானிக்கும். ஒரு பெயரை வாங்கியவர் அதற்கு இடப்பக்கத்தில் எதை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆகவே தளப்பெயரின் வால் வெறும் லேபிள் இல்லை, பட்டா மாதிரி. அதைப் பார்ப்பது சரிதான்.

இந்த அடிப்படையில்தான் ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் ஒரு நல்ல முடிவை அறிவித்தது. இந்திய வங்கிகளுக்கு மட்டுமென்று 'டாட் பேங்க் டாட் இன்' என்ற தனி வால். ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி நிறுவனம்தான் இதற்கு ஒரே பதிவாளர். வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள் மாறிவிட வேண்டும் என்று ஏப்ரல் மாதச் சுற்றறிக்கை கெடு விதித்தது. போலி வங்கித் தளங்களில் பணத்தைத் தொலைப்பவர்களுக்கு, நம்பிப் பார்க்க ஓர் அடையாளம் கிடைத்திருக்கிறது. வரவேற்க வேண்டிய ஏற்பாடு.

ஆனால் இந்தச் செய்தியை மக்களிடம் எப்படிக் கொண்டுபோவது? 'முகவரி பேங்க் டாட் இன் என்று முடிகிறதா பாருங்கள்' என்று சொன்னால் போதுமா? போதாது. ஒரு புள்ளி விடுபட்டுவிட்டது!

'ராஜாபேங்க்.இன்' என்ற ஒரு கற்பனைப் பெயரை எடுத்துக்கொள்ளலாம். அதுவும் 'பேங்க்.இன்' என்றுதான் முடிகிறது. ஆனால் 'பேங்க்' என்பதற்கு முன்னால் புள்ளி இல்லை. அது ரிசர்வ் வங்கியின் வேலிக்குள் இருக்கும் பெயர் இல்லை, சாதாரண 'டாட் இன்' பெயர். 'டாட் இன்' பெயரை யார் வேண்டுமானாலும் பணம் கட்டிப் பதிவு செய்யலாம். 'ராஜா.பேங்க்.இன்' என்பதோ வேலிக்குள் இருப்பது. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குள் ஒரு குடும்பத்தின் சேமிப்பு இருக்கலாம்.

நிரல் எழுதுபவர்கள் இதே தவறைப் பல வருடமாகச் செய்துவருகிறார்கள். 'அலுவலகம்.காம்' என்று முடியும் முகவரிகளை அனுமதி என்று எழுதுவார்கள். 'போலிஅலுவலகம்.காம்' என்பதும் அப்படியே முடிகிறது என்பதை யோசிக்க மாட்டார்கள். சரியான விதி மிகவும் சுலபம்: பெயர் முழுவதும் சமமாக இருக்க வேண்டும், அல்லது புள்ளியோடு சேர்த்து அந்த வாலில் முடிய வேண்டும். வாலின் பகுதிதான் அந்தப் புள்ளி. அதை விட்டால் வாலே இல்லை.

இன்னொரு தவறு, முழு முகவரியின் வாலைப் பார்ப்பது. தளப்பெயர் முடிந்ததும் ஒரு சாய்கோடு வரும். அதற்குப் பின் இருப்பதெல்லாம் தளத்தின் சொந்தக்காரர் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளும் பாதை. 'திருடன்.காம்' என்று எழுதி, சாய்கோடு போட்டு, பின்னால் 'ராஜா.பேங்க்.இன்' என்று எழுதினால், முழு முகவரியும் அந்த நல்ல வாலில்தான் முடியும். இடப்பக்கத்தில் வைத்தும் ஏமாற்றலாம்: 'ராஜா.பேங்க்.இன்.திருடன்.காம்'. கைபேசித் திரையில் முகவரியின் முன்பகுதி மட்டுமே தெரிந்தால் இது போதும், ஆள் அவுட்.

ஆகவே மக்களுக்குச் சொல்ல வேண்டிய பாடம் இதுதான். முகவரியின் தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட வேண்டும். அதற்குப் பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் விரலை வைக்க வேண்டும். அங்கிருந்து இடப்பக்கமாக வர வேண்டும். 'இன்', புள்ளி, 'பேங்க்', மறுபடியும் புள்ளி. இந்த நான்கும் இருந்தால்தான் அது வங்கி. சாய்கோடே இல்லையென்றால் கடைசியிலிருந்து தொடங்கலாம். வங்கிக் கிளைகளில் ஒட்டும் அறிவிப்பில் அந்த இரண்டு புள்ளிகளையும் சிவப்பு மையில் பெரிதாகப் போட்டாலே பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியை மக்களின் கண்ணிடம் விடக்கூடாது. பென்ஷன் வாங்கப் போகும் ஒரு பாட்டியிடம் புள்ளி எண்ணச் சொல்வது நியாயமில்லை. குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் திறப்பதற்கு முன் இந்தச் சோதனையைக் கைபேசியும் உலாவியுமே செய்து, வேலிக்கு வெளியே என்றால் உரக்கச் சொல்ல வேண்டும். கணினிக்குப் புள்ளி எண்ணுவது கஷ்டமில்லை, கற்றுக்கொடுத்தால்.

தமிழுக்கு எது ஈறு?

ஆங்கில எழுத்துகளை வைத்தே இத்தனை தடுமாற்றம். மற்ற மொழிகளுக்குப் போனால் 'கடைசி எழுத்து' என்பதே கேள்விக்குறியாகிவிடுகிறது. துருக்கிய மொழியில் புள்ளியுள்ள 'ஐ', புள்ளியில்லாத 'ஐ' என்று இரண்டு எழுத்துகள் உண்டு. துருக்கிய அமைப்பில் உள்ள கணினியில் பெரிய எழுத்தில் எழுதிய 'ஜிஐஎஃப்' என்ற வாலைச் சிறிய எழுத்துக்கு மாற்றினால் புள்ளியில்லாத 'ஐ' வந்துவிடும். நிரல் எதிர்பார்த்த வாலோடு அது பொருந்தாது. சென்னையில் ஓடிய நிரல் இஸ்தான்புல்லில் படுத்துவிடும்.

தமிழ் இலக்கணம் சொல்லின் கடைசியை 'ஈறு' என்கிறது. 'பாட்டு' என்பதன் ஈறு உகரம். கணினியிடம் 'பாட்டு' என்பது 'உ' என்று முடிகிறதா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும். தனியாக நிற்கும் 'உ' ஒரு குறியீடு, டகரத்தோடு ஒட்டிய உகரக் குறி இன்னொரு குறியீடு. கணினி எழுத்தைப் பார்க்கிறது, ஒலியைப் பார்க்கவில்லை.

'வருவாரோ' என்பது இன்னும் சுவையான உதாரணம். கடைசியில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. இரண்டும் ஒன்றே என்பதுதான் யூனிகோடின் விதியும். ஆனால் இரண்டாவது விதத்தில் சேமித்த 'வருவாரோ'விடம் 'கால் குறியில் முடிகிறாயா?' என்று கேட்டால் ஆம் என்று சொல்லிவிடும். 'வருவாரா' சொல்ல வேண்டிய பதில் அது! கேள்வியும் ஐயமும் ஒன்றாகிவிட்டன. சோதிப்பதற்கு முன் இரு சரங்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் இந்தச் சிக்கல் தீரும். அதற்கான வழி யூனிகோடிலேயே இருக்கிறது. செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் எல்லாச் சிக்கலும் அப்படித் தீராது. முதல் மாதப் பயிற்சியில் வந்த 'கள்' என்ற வாலையே எடுத்துக்கொள்ளலாம். பன்மையைக் கண்டுபிடிக்க 'கள்' என்று முடிகிறதா என்று பார்த்து, அதை வெட்டி எறியும் தேடுபொறி ஒன்றை யாராவது எழுதினால் 'மாணவர்கள்' சரியாக 'மாணவர்' ஆகும். 'திங்கள்' என்ன ஆகும்? 'திங்' ஆகும்! நிலாவும் போச்சு, வாரத்தின் ஒரு நாளும் போச்சு. நிரலில் பிழை இல்லை. 'கள்' என்ற எழுத்துகளில் முடிவதும் 'கள்' என்ற விகுதியில் முடிவதும் வேறு வேறு என்பதுதான் பிழை. புள்ளி இல்லாத 'பேங்க்.இன்' கதையேதான் இதுவும். எழுத்து பொருந்துகிறது, எல்லை பொருந்தவில்லை.

இவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவையா?

ஒரு வரி நிரலுக்கு இத்தனை பேச்சா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஒரு மடிப்புக்குள் உள்ள பிடிஎஃப் கோப்புகளைப் பட்டியலிட வால் சோதனை தாராளமாகப் போதும். தப்பாகப் போனால் ஒரு கோப்பு பட்டியலில் வராது, அவ்வளவுதான். எல்லா இடத்திலும் பூதக்கண்ணாடி தேவையில்லை.

'அப்படியானால் பொய் சொல்ல முடியாத வாலை வைத்துக்கொள்ளலாமே' என்றும் கேட்கலாம். வணிக உலகம் அதை முயன்றிருக்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பதிவு பெற்ற ஒவ்வொரு வணிகருக்கும் 15 இலக்க எண் கிடைத்தது. முதல் இரண்டு இலக்கம் மாநிலத்துக்கு (தமிழ்நாடு 33), அடுத்த பத்து பான் எண். கடைசி எழுத்து சரிபார்ப்பு எழுத்து, அதாவது முன்னால் உள்ள 14ஐயும் வைத்துக் கணக்கிட்டு வருவது. ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தால் வால் பொருந்தாமல் காட்டிக்கொடுத்துவிடும். வங்கி அட்டை எண்ணின் கடைசி இலக்கமும் இதே வகை. அருமையான ஏற்பாடு. ஆனால் அது கை தவறுவதைத்தான் பிடிக்கும், வேண்டுமென்றே செய்வதைப் பிடிக்காது. கணக்கிடும் முறை ஊரறிந்தது, போலி எண் தயாரிப்பவரும் அதே கணக்கைப் போட்டுக்கொள்வார். எண் உண்மையிலேயே அந்த வணிகருடையதா என்பதை அரசின் ஜிஎஸ்டி தளத்தில் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இருப்பதிலேயே புத்திசாலியான வாலும் அடையாளத்துக்கு மாற்று ஆகாது.

ஆகவே வகுப்பறையில் இந்தப் பயிற்சியைக் கொடுக்கும் ஆசிரியர்கள், சரியான விடை வந்ததும் மதிப்பெண் போட்டுவிட்டு நகராமல், இன்னும் மூன்று கேள்விகள் கேட்டால் நல்லது. வால் சரத்தைவிட நீளமாக இருந்தால்? வால் காலியாக இருந்தால்? பொருந்திய எழுத்துகளுக்கு முன்னால் எல்லை இருக்கிறதா? கூடவே நான்காவதாக ஒன்றும் கேட்கலாம்: இந்த விடையை நம்பி யாராவது பணத்தையோ கதவையோ திறந்துவிடப் போகிறார்களா? ஆம் என்றால் வால் சோதனை தொடக்கமாக இருக்கலாம், முடிவாக இருக்கக் கூடாது.

'மட்டும்' எழுதாத காசோலையில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. புள்ளி பார்க்காத வாலையும் அப்படித்தான் நடத்த வேண்டும்.